கர்சர் எங்கே நிற்கிறது?

நிரல் எழுதும்போது இரண்டெழுத்து தட்டியதுமே மீதிச் சொல்லை எடிட்டர் நீட்டிவிடுகிறது. எண்டர் தட்டினால் சில சமயம் அந்தச் சொல் தள்ளிப்போய் விழுகிறது, அல்லது முன்னால் இருந்த எழுத்தைத் தின்றுவிடுகிறது. இப்படி ஒரு புகார் வந்ததும் எடிட்டருக்கான எக்ஸ்டென்ஷனை எழுதியவர்கள் பரிந்துரைப் பட்டியலைத்தான் நோண்டுவார்கள். பட்டியல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இடக்கணக்கை.

விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற எடிட்டர்களில் பரிந்துரையைத் தயாரிப்பது பெரும்பாலும் லாங்குவேஜ் சர்வர் என்ற தனி நிரல். கர்சர் எத்தனையாவது வரியில், எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று எடிட்டர் சொல்லும். சர்வர் பதில் தரும். இந்தப் பேச்சுக்காக 2016-இல் மைக்ரோசாப்ட் அறிவித்த நெறிமுறைப்படி அந்த இடத்தை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தின் அலகில் எண்ண வேண்டும். ரஸ்ட், கோ மொழிகளில் எழுதிய சர்வர்களோ சரங்களை யூடிஎஃப்-8 என்ற வேறொரு குறியாக்கத்தின் பைட்டுகளாக வைத்திருக்கின்றன.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 3 எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே சேமிக்கப்படுவதால் யூடிஎஃப்-16-இல் 5 அலகு. யூடிஎஃப்-8-இல் 15 பைட். வரியில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் கர்சர் இருந்தால், கணக்கை மாற்றிக்கொள்ளாத சர்வர் 10 பைட் முன்னாலேயே தேடும். ரஸ்டில் ஓர் எழுத்தின் நடு பைட்டில் சரத்தை வெட்டப் போனால் நிரலே நின்றுவிடும். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வரியில் எல்லாக் கணக்கும் ஒன்றுதான் என்பதால், இந்தப் பிழை பலர் கண்ணில் படுவதே இல்லை.

பைத்தானில் எழுதிய சர்வர் இன்னும் ஏமாற்றும். அது யூனிகோடின் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுவதால் 'தமிழ்' அங்கேயும் 5, சோதனை தேறிவிடும். ஒரு சிரிப்பு எமோஜி வந்தால்தான் குட்டு வெளிப்படும்: பைத்தானுக்கு அது 1, யூடிஎஃப்-16-க்கு 2.

சரிசெய்வது கடினமல்ல. எடிட்டரிடமிருந்து செய்தி வரும் வாசலிலும் பதில் போகும் வாசலிலும் மட்டும் கணக்கை மாற்றுங்கள், நிரலெங்கும் தூவாதீர்கள். நெறிமுறையின் 3.17 பதிப்பு முதல் இரு தரப்பும் பேசி யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்துகொள்ளலாம். ஆனாலும் யூடிஎஃப்-16 தெரிந்திருப்பது கட்டாயம்.

இன்னொரு பிழையும் இதற்கு உறவுதான். பிஎச்பியில் டாலர் குறியோடு மாறியின் பெயரைப் பரிந்துரைத்தால் சில நேரம் இரண்டு டாலர் வந்து நிற்கும். எதை நீக்கிவிட்டுச் செருகுவது என்று சர்வர் சொல்லாததால், சொல் எங்கே தொடங்குகிறது என்பதை எடிட்டரே ஊகிக்கிறது. பதிலில் தொடக்க இடமும் முடிவிடமும் சேர்த்து அனுப்பினால் போதும்.

சோதனைக்கு ஒரே வரியில் தமிழ்ச் சொல், எமோஜி இரண்டையும் போட்டு, அவற்றுக்குப் பின்னால் பரிந்துரை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் முந்திரி என்னும் 1/320-க்கான தமிழ்ப் பின்னக் குறியையும் சேருங்கள். 2019-இல் யூனிகோடில் ஏறிய அந்தக் குறி, தமிழாக இருந்தும் யூடிஎஃப்-16-இல் 2 அலகு பிடிக்கும்.