திருகோணமலைத் துறைமுகமும் நம் ஊர் அரிசிக் கடையும்

நம் அண்ணாமலையைப் பாடிய திருஞானசம்பந்தர், கடல் கடந்த திருகோணமலையையும் பாடியிருக்கிறார். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அந்தச் சிறிய ஊர், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக விளங்கியது. அங்கு நடந்தது நம் பகுதி அரிசி வியாபாரத்தையும் தொட்டது.

திருகோணமலை ஆழமான இயற்கைத் துறைமுகம். சுற்றிலும் மேட்டு நிலம் இருப்பதால் பருவக்காற்றுக் காலத்திலும் பெரிய கப்பல்கள் பத்திரமாக நிற்கலாம். கப்பல்களுக்கு வேண்டிய எண்ணெயைச் சேமிக்கப் பெரிய தொட்டிகளை ஆங்கிலேயர் போருக்கு முன்பே அங்கு வரிசையாகக் கட்டினர்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும், மார்ச் 8-ல் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. வங்கக் கடலைக் காக்கும் பொறுப்பு இலங்கைத் துறைமுகங்களின் மேல் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், 9-ல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. எண்ணெய்த் தொட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. 'ஹெர்ம்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 300 பேருக்கு மேல் மாண்டனர். அதே நாட்களில் வங்கக் கடலில் சுமார் 20 சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. கடற்படையின் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது.

அதுவரை சென்னை மாகாணத்துக்குக் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி அடியோடு நின்றது. தட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, ரேஷன், லைசென்ஸ் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூட்டையை இங்கிருந்து அங்கு அனுப்பவும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. கடற்படை 1944-ல் திருகோணமலைக்குத் திரும்பியது. 1945-ல் போரும் முடிந்தது. ஆனால் உணவுக் கட்டுப்பாடு உடனே நீங்கவில்லை. 1952-ல் முதலமைச்சர் ராஜாஜி அதை நீக்கியபோதுதான் அரிசி வியாபாரிகள் மூச்சு விட்டனர்.

1957-ல் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய 99 எண்ணெய்த் தொட்டிகளைப் பயன்படுத்த 2022 ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

அதே 2022-ல் உக்ரைனில் போர் மூண்டதும் நம் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதை மறந்திருக்க மாட்டோம். கடலே காணாத ஊரில் கடை வைத்திருந்தாலும், நம் சரக்கு எந்த வழியாக வருகிறது என்று அறிந்து வைத்திருப்பது நல்லது. ஒரே இடத்துக் கொள்முதலை நம்பியிராமல் மாற்று வழியும் வைத்திருப்பவரே நெருக்கடியில் தாக்குப்பிடிப்பார். வாடிக்கையாளரையும் கைவிட மாட்டார்.