கோபாலகிருஷ்ண பாரதியாரும் நந்தன் சரித்திரமும்

தாமே பாட்டியற்றி, தாமே அதற்கு இசை வகுத்து, தாமே சபையிற் பாடுகின்றவரை நம்மவர் வாக்கேயகாரர் என்று வழங்குவர். காவேரி பாயும் சோழ நாட்டில் அத்தகையோருக்குக் குறைவில்லை. திருவாரூரிற் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளை அறியாதார் இலர். ஆயினும் அவர்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடினார்கள். தமிழிலேயே பாடி, அப்பாட்டு வித்துவான் வாயில் மட்டுமன்றி ஏற்றம் இறைப்போன் வாயிலும் புகும்படி செய்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கோபாலகிருஷ்ண பாரதியார். கும்பகோணம், மாயூரம், நாகப்பட்டினம் என்னும் இவ்வூர்களின் சுற்றுப்புறமே அவர் வாழ்ந்து பாடிய இடமாதலின், அவரைப் பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரில் 1811-ஆம் ஆண்டளவில் இவர் பிறந்தார். தந்தையார் இராமசுவாமி பாரதியார். குடும்பமே சங்கீதப் பயிற்சியுடையது. இளமையில் முடிகொண்டானில் வாழ்ந்தமையால் ‘முடிகொண்டான் பாரதி’ என்றும் பெயர் பெற்றார். மாயூரத்தில் கோவிந்த சிவம் என்னும் பெரியாரிடம் வேதாந்தமும் யோகமும் பயின்று, இறுதிவரை பிரமசாரியாகவே இருந்தார். கும்பகோணத்திற்கு ஐந்து மைல் அளவிலுள்ள திருவிடைமருதூரில் அக்காலத்தே தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் ஒரு கிளை இருந்தது. அதன் ஆதரவிலிருந்த ராமதாஸ் என்பவரிடம் பாரதியார் இந்துஸ்தானி சங்கீதத்தைக் கற்றார். கர்நாடக இசையும் வடநாட்டு இசையும் அவரிடத்தே ஒன்றோடொன்று பிணங்காமல் இருந்தன. இவற்றோடு நாட்டு மக்களின் நொண்டிச் சிந்தையும் ஆனந்தக் களிப்பையும் அவர் விடவில்லை என்பதுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டுவது.

அவர் திருவையாற்றுக்குச் சென்று தியாகையரைக் கண்ட கதை ஒன்றுண்டு. தியாகையரின் மாணாக்கர்கள் ஆபோகி இராகத்தில் அமைந்த அவர் கீர்த்தனம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனராம். வந்தவர் இன்னாரென்று அறிந்த தியாகையர், “நீங்கள் ஆபோகியில் ஏதேனும் செய்ததுண்டோ?” என வினவினாராம். பாரதியார் அப்பொழுது ஒன்றும் சொல்லாதிருந்து, பின்னர் அவ்விராகத்தில் சிதம்பரம் சபாபதியின்மேல் ஒரு கீர்த்தனம் இயற்றிவந்து பாடிக்காட்டினார் என்பர். இன்றும் கச்சேரிகளில் அக்கீர்த்தனத்தைக் கேட்கலாம்.

மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணு ஐயர் என்னும் செல்வர் பாரதியாரை ஆதரித்தார். கதாகாலக்ஷேபம் செய்தற்கேற்ற சரித்திரக் கீர்த்தனைகளை அவர் இயற்றியது இதன்மேல். திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் பாடினார். அவை இப்பொழுது வழக்கொழிந்தன போலவே உள்ளன. நந்தன் சரித்திரம் ஒன்றே அவர் பெயரை நிலைநாட்டியது. அதற்குக் காரணம் இசை மட்டுமன்று.

சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் புராணத்தை 37 பாட்டுக்களிற் பாடியுள்ளார். அதில் நந்தனார் மேற்காநாட்டு ஆதனூரிலே, ஊரார் விட்ட மானிய நிலத்தின் வருவாயால் வாழ்ந்து, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் உதவி வருகிறார். திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று நாள் கழித்து, இறுதியிற் சென்று, தீயில் மூழ்கி முனிவராக எழுகிறார். அவருக்கு ஆண்டை ஒருவர் இருந்ததாகப் பெரியபுராணத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவரைத் தடுத்தது அவருடைய குலத்தைப் பற்றிய அவருடைய அச்சமேயாகும்.

பாரதியார் அங்கே ஒரு வேதியரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிலமுடையவர், நந்தன் அவருக்குப் பண்ணையாள். சிதம்பரம் செல்ல உத்தரவு கேட்டால், நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தபின் போ என்கிறார். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் எனக் கொண்டால் இஃது எத்துணைப் பெரிய கட்டளை என்பதை நம் ஜில்லாவில் நாற்றங்கால் கண்ட எவரும் அறிவர். உழவு, நாற்று, நடவு, களை, அறுவடை என ஒரு போகத்து வேலை முழுதும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. சேரியிலும் நந்தனுக்குத் துணையில்லை. பெரிய கிழவன் வந்து, குல வழக்கத்தை விட்டு இவ்வாறு திரியலாமோ எனக் கடிகிறான். முடிவில் இறைவனருளால் ஓரிரவில் கதிர் முற்றுகிறது. வேதியர் தம் பண்ணையாளின் பெருமையை உணர்ந்து அவன்முன் வணங்குகிறார்.

ஆகவே ‘நாளைப் போவேன்’ என்னும் சொல்லின் பொருளே மாறிவிட்டது. சேக்கிழாரிடத்து அது பக்தனின் தயக்கம். பாரதியாரிடத்து அது விடுமுறை கிடைக்காத கூலியாளின் சொல். இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காதென்று அரசாங்கத்தார் விதித்தது 1843-ல். சட்டம் வந்தும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்த காலத்திலே, அந்தணராகிய ஒருவர், நிலமுடையோர் கூடியிருந்த சபைகளில் இக்கதையைப் பாடினார். அவர் நிலச் சீர்திருத்தம் பேச வந்தவரல்லர். பக்தியின் பெருமையைச் சொல்லவே வந்தார். ஆயினும் தடையை எங்கே வைக்கவேண்டும் என்று தேடியபொழுது, தம் கண்முன் நின்ற தடையையே எடுத்து வைத்தார்.

இலக்கணம் வல்லார்க்கு இந்நூல் எளிதில் உவப்பாக இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) மாயூரத்திலிருந்த காலத்தில், பாரதியார் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பலமுறை சென்றார். நூலிற் சொல்வழுக்கள் கண்ட பிள்ளையவர்கள் காலந் தாழ்த்தி வந்தார்கள். ஒருநாள் நடுப்பகலில் பிள்ளையவர்கள் உறங்கிக் கொண்டிருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனங்களை மெல்லப் பாடிக்கொண்டிருந்தாராம். கேட்டு விழித்த பிள்ளையவர்கள் கண்ணீர் பெருகி எழுந்து வந்து, பாயிரம் எழுதிக் கொடுத்தார்கள். கொச்சைச் சொற்களைத் திருத்திவிட்டால் இந்நூல் மேம்படும் என்று நினைப்போர் இன்றும் இருக்கலாம். நாம் அங்ஙனம் கருதவில்லை. பெரிய கிழவன் நன்னூல் கற்றவனைப் போலப் பேசினால் யார் நம்புவர்?

நாகப்பட்டினத்தில் நிகழ்ந்த காலக்ஷேபங்களால் நூலின் புகழ் பரவி, அடுத்திருந்த காரைக்காலுக்கும் சென்றது. காரைக்கால் அப்பொழுது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1954 வரை அங்ஙனமே இருந்தது. அங்கே அதிகாரியாயிருந்த சிஸே என்னும் பிரெஞ்சுத் துரை இச்சரித்திரத்தில் ஈடுபட்டு, 1861-62-ல் அது அச்சேறுதற்கு உதவினார். பிரெஞ்சு தேசத்திலும் தாமே பாட்டுக் கட்டிப் பாடும் மரபு பழமையானது. பெராஞ்சே (1780–1857) என்னும் பாட்டாளர் அரசரையும் குருமாரையும் எள்ளிப் பாடியதற்காக 1821-லும் 1828-லும் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தார். அவருடைய பாட்டுக்களை அந்நாட்டுத் தொழிலாளர் நெட்டுருப் பண்ணியிருந்தனர். அத்தேசத்தவர் ஒருவர்க்கு நந்தன் பாட்டின் சுவை தெரிந்ததில் வியப்பில்லை. நம் வித்துவான்கள் பாயிரத்திற்குத் தயங்கிய நூலுக்கு அயல்நாட்டார் அச்சுக்கூலி தேடினார் என்பதுதான் சிறிது வியப்பு.

மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கிறிஸ்தவர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர். சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர். 1876-78-ல் நேர்ந்த கொடும் பஞ்சத்தில் அவர் கஞ்சித்தொட்டி வைத்துப் பலருடைய உயிரைக் காத்தார். நரஸ்துதி செய்யாத பாரதியார், அக்கொடையைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனம் பாடினார். சமயத்தைப் பற்றி இருவரும் வாதம் புரிந்ததாக நாம் கேட்டதில்லை.

பாரதியார் 1880-களின் தொடக்கத்தில் காலமானார். பின்னர் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் நந்தன் சரித்திரத்தைக் காலக்ஷேபமாகச் செய்து எங்கும் பரப்பினார். 1908-ல் சுப்பிரமணிய பாரதியார், கலெக்டர் விஞ்சு துரையும் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பேசுவதாகப் பாட்டுக்கள் எழுதியபொழுது, துரையின் வாய்மொழிக்கு எடுத்துக்கொண்டது நந்தன் சரித்திரத்து மெட்டையே. அம்மெட்டைக் கேட்டவுடன் ஆண்டையின் குரல் நினைவுக்கு வரும் என்று அவர் அறிந்திருந்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் தாழ்த்தப்பட்டோர் மக்களுக்கென நிறுவிய பள்ளிக்கு நந்தனார் பெயரையே இட்டார். 1935-ல் வெளிவந்த சினிமாவில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் தோன்றினர். அம்மையார் பெற்ற இலட்ச ரூபாய்ச் சம்பளம் அந்நாளில் பெரும் பேச்சாயிற்று. 1942-ல் ஜெமினியார் எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார்.

ஒரு குறையையும் மறைப்பதற்கில்லை. ஆண்டையைக் கதைக்குள் கொண்டுவரத் துணிந்த பாரதியார், தீயை அகற்றத் துணியவில்லை. சந்நிதிக்கு வரலாமோ என உத்தரவு கேட்டு நிற்கும் மாஞ்சி இராகக் கீர்த்தனத்தைக் கேட்கும்போதெல்லாம், ‘வா’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் நெருப்புக்கு வேலையில்லையே என்னும் எண்ணம் நமக்கு எழாமலில்லை. மூலக்கதை அவ்வாறிருக்க அவர் என்செய்வார் என்பர் சிலர். மூலத்தில் இல்லாத வேதியரைப் படைத்தவர் அவரே என்பதை அவர்கள் மறக்கின்றனர். கதையில் வேதியர் வணங்கினார். வயலிலோ பண்ணையாளின் கூலிக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் வர 1952 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவு செய்திகளும் நமக்குக் கிடைத்தமைக்கு முதற்காரணர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள். 1871-ல் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க மாயூரம் வந்த இளைஞராகிய அவர், காலையிற் பாரதியாரிடம் சென்று சங்கீதமும் கற்று வந்தார். இதனை அறிந்த பிள்ளையவர்கள், சங்கீதப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களிற் கருத்து ஊன்றாது என்றார்கள். மாணாக்கர் இசைப் பாடத்தை நிறுத்திக்கொண்டார். 1880-ல் அவர் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராய் அமர்ந்து 1903 வரை இந்நகரில் இருந்து, இங்கிருந்தே சீவகசிந்தாமணியை அச்சிட்டார். சின்னாட்கள் தமக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த பாரதியாரின் சரித்திரத்தை அவர் ஒரு தனி நூலாக எழுதி வெளியிட்டது 1936-ல். அப்பொழுது அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.