குடவோலையில் பி.டி. சார் அவுட்!

நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளி வரலாற்றுக் கண்காட்சிக்கு ரிப்பன் வெட்டு. சிறப்பு விருந்தினர் வருவார், பன்னீர் தெளிப்பார்கள், பிள்ளைகள் இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் நின்று மனப்பாடமாக விளக்கம் சொல்வார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நிஜமான வேடிக்கை இன்று மாலைதான்!

ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பின்பக்க கேட் லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் சேர்ந்து கயிறு, களிமண், பசை, கூச்சல் நான்கையும் வைத்து 2,000 ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. சத்தம் போடாமல் நுழையலாம் என்று பார்த்தால், அதற்கு அவசியமே இல்லை. இங்கே யார் சத்தமும் யாருக்கும் கேட்காது. வாங்க, வாங்க!

மணற்குழியைக் காணோம்

முதல் ரகளை மைதானத்தில். நீளம் தாண்டும் மணற்குழி முழுக்கக் கயிறு கட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டிருக்கிறார்கள். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய கரணைகளும் பெயின்ட் பிரஷ்களுமாக எட்டுப் பேர் குப்புறக் கிடக்கிறார்கள். கரையில் இடுப்பில் கைவைத்தபடி பி.டி. சார்.

"டேய், இது தாண்டுற குழிடா!"

"இப்ப தோண்டுற குழி சார். ஒரு எழுத்துதான் சார் வித்தியாசம்!"

இந்தக் குழியைத் தயாரித்தவர் சமூக அறிவியல் மிஸ். அடியில் செம்மண்ணும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும். நடுவில் செங்கல் துண்டுகளும் ஒரு பழைய செப்புக் காசும். மேலே நம் காலத்துச் சொத்து: சாக்லேட் உறை, ஷாம்பு பாக்கெட், பாட்டில் மூடி. கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. இதை வகுப்பில் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் மிஸ் ஒரு வில்லத்தனம் செய்திருக்கிறார். அடியிலும் அடியான செம்மண் அடுக்கில், பானை ஓடுகளுக்கு நடுவே, ஒரு நீல நிறப் பேனா மூடி!

மூடி வெளியே வந்ததும் குழிக்குள் கலவரம். "சங்க காலத்துல பால்பாயின்ட் பேனா இருந்திருக்கு" என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்துகிறான். "எப்படித் தெரியும்?" என்று நான்கு பேர் பாய்கிறார்கள். கடைசியில், பக்கத்துக் கட்டத்தை விட்டு அசையாமல் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி கத்துகிறாள்: "இங்க பாருங்கடி, மண்ணு நிறம் மாறுது!" செம்மண்ணுக்கு ஊடே சாம்பல் நிறத்தில் ஒரு நீளப் பட்டை மேலிருந்து கீழாக இறங்குகிறது. எலி வளை! பிறகு மேல்மண் அதில் நிரம்பிக்கொண்டது. மூடி அந்த வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். அதாவது, மிஸ் ஒரு குழாயைச் செருகி எலி வேலை பார்த்திருக்கிறார். தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று சிரிக்கிறார் பாருங்கள்.

கீழடியில் 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை, 2017-18 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அதைப் படித்த கையோடு இவர்கள் பள்ளித் தோட்டத்தின் உடைந்த பூந்தொட்டியில் தங்கள் பெயர்களைத் தமிழியில் கீறி வைத்திருக்கிறார்கள். பல நூறு ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் குழம்பக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஓட்டின் பின்புறமும் இன்றைய தேதி. அதுவும் மிஸ் போட்ட சட்டம்தான். டீத்தூள் தண்ணீரில் தோய்த்து ஊதுபத்தியால் ஓரம் கருக்கிய 'பழங்கால' ஓலைகள் எல்லாவற்றின் முதுகிலும் 'இது இப்போது செய்தது' என்று எழுதியிருக்கிறது!

மசி, ஈரத் தாள், மாட்டிக்கொண்ட தலைமையாசிரியர்

தலைமையாசிரியர் அறை வாசலில் ஏன் இவ்வளவு கூட்டம்? பள்ளியின் அடிக்கல்லைப் 'படி எடுக்கிறார்கள்'. கோயில் சுவர்க் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் எடுக்கும் அதே முறை. கல்லைக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டித் தட்டி அடிக்க வேண்டும். ஓரளவு காய்ந்ததும் துணிப்பந்தில் மசி தொட்டு ஒற்ற வேண்டும். மேடெல்லாம் கறுப்பாகும், பள்ளத்தில் கிடக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும்.

முதல் தாள் கிழிந்தது, இரண்டாவதில் தண்ணீர் அதிகம், மூன்றாவதில் எழுத்தைவிடச் சட்டையில் மசி அதிகம். நான்காவது தாளில், பல வருடச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடந்த வரிகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கின்றன. கைதட்டல், விசில்! அடுத்த கணமே நிசப்தம். ஏனென்றால் கல்லில் இருக்கும் ஆண்டும், வாசல் பலகையில் எழுதியிருக்கும் 'தொடங்கப்பட்ட ஆண்டும்' ஒன்றல்ல. ஓராண்டு இடிக்கிறது.

"சார், நம்ம ஸ்கூலுக்கு எத்தனை வயசு?"

தலைமையாசிரியர் பழைய பதிவேடுகள் இருக்கும் பீரோவின் சாவியைத் தேடிப் போயிருக்கிறார். கல் நட்ட நாள் ஒன்று, வகுப்பு தொடங்கிய நாள் வேறு என்று ஒரு கட்சி. பலகை எழுதிய பெயின்டர் தப்பு செய்துவிட்டார் என்று இன்னொரு கட்சி. ஒரே கட்டடத்தைப் பற்றி இரண்டு சான்றுகள் இரண்டு விதமாகப் பேசும்போது யாரை நம்புவது? எந்த வினாத்தாளிலும் வராத இந்தக் கேள்விக்காக மூன்று பேர் டியூஷனையே விட்டிருக்கிறார்கள்.

சோழர் காலத் தேர்தல் அலுவலகம்

இப்போது கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டிய இடம். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு அறை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவற்றை, எடுத்துவைத்துக் குடவோலைத் தேர்தல் நடத்துகிறார்கள். ஊருக்கு 30 குடும்புகள், அதாவது வார்டுகள். அவற்றிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பனை ஓலை நறுக்கியாயிற்று, புதுப் பானை வந்தாயிற்று. ஒரே ஒரு சிக்கல்: வேட்பாளரே கிடைக்கவில்லை!

வயது 35க்கு மேல், 70க்குக் கீழ் இருக்க வேண்டும். வகுப்பே காலி. ஆகவே ஆசிரியர்களைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிறார்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். ஒரு வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர் என்று கணக்குப் போட்டு, தமிழய்யாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். சொந்த மனையில் வீடு வேண்டும். வாடகை வீட்டுக் கெமிஸ்ட்ரி மிஸ் அவுட். அந்த நேரம் பார்த்து, மணற்குழியை மீட்க ஆள் திரட்ட வந்த பி.டி. சார் சிக்கினார். வயது? சரி. நிலம்? ஊரில் இரண்டு ஏக்கர், சரி! வீடு? சொந்த மனை! அறை அதிர்கிறது. கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்ததில்லையே? இல்லை! ஓலையில் பெயர் எழுதப் போகும்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து அலுவலகக் கிளார்க்கின் குரல்:

"போன வருஷ விளையாட்டு விழாக் கணக்கை சார் இன்னும் கொடுக்கலையேப்பா."

முடிந்தது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்பது கல்வெட்டு விதி. அவர் மட்டுமா? அவருடைய உறவினர்களும் கூடாது என்று அப்பா, மகன், மாமனார், மச்சினர் வரை வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆகவே பி.டி. சாரின் மச்சினரான பயாலஜி சாரும், ஸ்டாஃப் ரூமில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, தகுதி இழந்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "கணக்குக் கொடுத்திருந்தாலும் சார் பாஸ் ஆக மாட்டார். வேதம் படிச்சிருக்கணும்னு இருக்கே. இது பிராமணர்களோட சபை. பொம்பளைங்க பேச்சே இல்ல. அப்புறம் எப்படி இதை எல்லாரோட ஜனநாயகம்னு சொல்றது?" அடுத்த முக்கால் மணி நேரம் தேர்தல் நின்றுபோனது. கணக்குக் கேட்கும் விதி இவ்வளவு கறாராக இருந்ததே என்று ஒரு பக்கம். கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று மறுபக்கம். இரண்டையும் பலகையில் எழுத வேண்டும் என்று முடிவாகி, பாதி எழுதியிருந்த 'உலகின் முதல் ஜனநாயகம்' தட்டி கிழித்துப் போடப்பட்டது. மூலையில் கசங்கிக் கிடக்கிறதே, அதுதான்!

இன்னொரு ரகசியமும் உண்டு. பானையை மேலே பார்த்தபடி எல்லோர் கண்ணிலும் படத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. விரலை எதற்கு விரிக்க வேண்டும்? வகுப்பில் சீட்டு வித்தை தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். கையை மூடி வாங்கச் சொன்னால், கண் முன்னாலேயே ஓலையை மாற்றிவிடுகிறான். விரித்து வாங்கச் சொன்னால் மாட்டிக்கொள்கிறான். அந்த விதியை எழுதியவர்களுக்கும் இப்படி ஒரு கில்லாடியைத் தெரிந்திருக்கும்போல!

கூண்டில் ஒரு தலைப்பாகை

பக்கத்து அறையில் நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் மனிதர் யாரும் இல்லை. அட்டையும் ரெக்சினும் வைத்துத் தைத்த ஒரு தலைப்பாகை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்கு இதுதான் காரணமா, இல்லையா?

சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் கொண்டுவந்த புது விதிகள்: தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு. மறுத்த சிப்பாய்களுக்கு மே மாதத்திலேயே கசையடி கிடைத்ததை ஒரு தரப்பு நீட்டுகிறது. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பம் காவலில் இருந்ததையும், புரட்சியன்று திப்புவின் புலிக்கொடி ஏறியதையும் மறுதரப்பு நீட்டுகிறது. புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பாய்ந்து வரவேண்டிய கில்லெஸ்பியின் சைக்கிள் பஞ்சர். கிரடாக் வேடம் போட்டவனுக்கோ கூண்டைப் பார்த்தாலே கோபம்: "என்னையும் கவர்னர் பென்டிங்கையும்தான் ஏற்கெனவே திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்களே, மறுபடி எதுக்கு விசாரணை?"

சான்று காட்ட முடியாத வசனத்துக்கு அபராதம் ஒரு சாக்பீஸ். வெள்ளைக்காரனைக் கண்டதும் எல்லோருக்கும் தங்களையறியாமல் சிவாஜி குரல் வந்துவிடுவதால், நீதிபதியின் டப்பா நிரம்பி வழிகிறது.

கொஞ்சம் ஓடியே பார்ப்போம்

வேப்பமரத்தில் ஏன் பொட்டலம் தொங்குகிறது? 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகிகள் புறப்பட்டு நடந்தபோது, அவர்களுக்கு உணவும் இடமும் கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். நாளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொட்டலம் தேட, 'போலீஸ்' தடுக்க, விளையாட்டு நடக்கும். இன்று ஒத்திகையிலேயே இரண்டு தயிர்சாதத்தைக் காக்கை கொண்டுபோய்விட்டது.

வராந்தாவில் நாற்காலி போட்டு ஒரு பாட்டி. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பத்தா. "எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் முழிப்பார் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் மளமளவென்று வருகிறது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது, ஓரணாவுக்கு 6 பைசா, மூன்றணாவுக்கு 19 பைசா என்று கடையில் பட்டியல் தொங்கியதாம். "அப்ப மூணு தடவை ஒவ்வொரு அணாவா மாத்தினா 18தானே? ஒரு பைசா எங்க போச்சு?" என்று ஒரு பயல் கேட்கிறான். கணக்கு சார் ஆனந்தத்தில் கண்ணாடியைத் துடைக்கிறார். பாட்டி சொல்கிறார்: "அதைத்தாண்டா நானும் செட்டியார்கிட்ட கேட்டேன்."

மிஸ் எழுதிய ஒரே குறிப்பு

இதற்கெல்லாம் மிஸ் என்ன திட்டம் போட்டார் என்று அவருடைய டயரியை எட்டிப் பார்த்தேன். 'சார்ட் வேண்டாம். குழுவுக்கு ஒரு கேள்வி. விடையை நான் சொல்லக் கூடாது.' அவ்வளவுதான். நாளை வருபவர்கள் பார்க்கப்போவது துடைத்து வைத்த மேசைகளை. பிள்ளைகள் வரலாறு படித்ததோ கிழிந்த தாளிலும், கிழித்துப் போட்ட தட்டியிலும், மண் நிறம் மாறிய இடத்திலும்தான். 'எப்படித் தெரியும்?' என்ற சொல் இந்த வளாகத்தில் இப்போது தொற்றுநோயாகப் பரவியிருக்கிறது. சற்றுமுன் வரவேற்புரைக்கு ஒத்திகை பார்த்த தலைமையாசிரியர், "நமது பள்ளி தொடங்கி..." என்று வாயெடுத்ததும் முதல் வரிசையிலிருந்து கோரஸாகவே வந்தது அது. அவர் அந்த வரியை அடித்துவிட்டார்.

மணி ஆறாகிறது. வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வருகிறார். கலைய மனமில்லாத கும்பல் அடுத்த வருடத் திட்டத்தையே தொடங்கிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகில் வந்து குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதை!

"கப்பலுக்கு என்னடா பண்ணுவீங்க?" என்கிறார் தலைமையாசிரியர்.

"பழைய பெஞ்ச் இருக்கு சார்."

"குண்டுக்கு?"

"தண்ணி பலூன் சார்."

"சரி, எண்ணெய்த் தொட்டிக்கு?"

பதில் இல்லை. எல்லோர் பார்வையும் மெதுவாகச் சத்துணவுக் கூடத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திரும்புகிறது. தலைமையாசிரியர் செல்போனை எடுத்து பிளம்பரின் எண்ணைத் தேடத் தொடங்குகிறார்.