வரிசையில் நிற்கும் மனசு

ரேஷன் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் வரிசை தயாராகிவிடும். அதில் ஆட்களைவிடப் பொருள்கள்தான் அதிகம் இருக்கும்: கட்டைப்பை, ஒற்றைச் செருப்பு, பாதிச் செங்கல், தண்ணீர் பாட்டில். உரியவர்கள் அடுப்பை அணைக்கவோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவோ போயிருப்பார்கள். “அக்கா, என் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷட்டரைத் தூக்கியதும் வரிசை நகரும். ஆள் வந்து சேரும்வரை அந்தப் பையைப் பின்னால் நிற்கும் அக்கா காலாலேயே தள்ளிக்கொண்டு வருவார். முறை வரும்வரைதான் பைக்கு ஆளின் மரியாதை. எடை போடும் இடத்துக்கு வந்தும் ஆளைக் காணோம் என்றால் பை ஓரத்துக்குப் போய்விடும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

1960களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கால்பந்து இறுதிப் போட்டி டிக்கெட்டுக்காக இரவெல்லாம் காத்துக் கிடந்தவர்களை உளவியலாளர் லியான் மேன் ஆராய்ந்தார். அங்கேயும் இதே ஏற்பாடுதான். முறை வைத்து மாறி மாறி நின்றார்கள். கொஞ்ச நேரம் போய்வர வேண்டியவர்கள் தங்கள் பொருளை வைத்து இடம் பிடித்தார்கள். வரிசை என்பது தனக்கென்று சட்டதிட்டம் உள்ள ஒரு குட்டிச் சமூகம் என்று 1969இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார்.

வரிசையைப் பற்றிய கணக்கு அதைவிடப் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, அழைப்புகள் வந்து குவியும் விதத்தை ஆராய்ந்து 1909இல் கட்டுரை வெளியிட்டார். எத்தனை இணைப்புகள் இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கணிக்கும் துறை அதிலிருந்துதான் வளர்ந்தது. ஆனால் டெலிபோன் அழைப்புக்குக் கோபம் வராது. மனிதருக்கு வரும். அந்தக் கோபத்தின் அளவும் கடிகாரம் காட்டும் நிமிடங்களும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

ஹூஸ்டன் விமான நிலையத்தின் தந்திரம்

அமெரிக்காவின் ஹூஸ்டன் விமான நிலையத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இத்துறையில் பிரபலம். பெட்டி வந்துசேரத் தாமதமாகிறது என்று பயணிகள் ஓயாமல் புகார் செய்தார்கள். நிர்வாகம் ஆட்களைக் கூட்டியது. காத்திருப்பு சராசரியாக எட்டு நிமிடமாகக் குறைந்தது. புகார் மட்டும் குறையவில்லை. உற்றுப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது: விமானத்திலிருந்து பெட்டி வரும் இடத்துக்கு நடக்க ஒரு நிமிடம், மீதி ஏழு நிமிடமும் சும்மா நிற்பது. உடனே, விமானங்கள் வந்து நிற்கும் இடத்தைத் தள்ளி வைத்தார்கள். பெட்டிகளையும் கடைக்கோடிப் பட்டைக்குத் திருப்பிவிட்டார்கள். பயணிகள் முன்பைவிட ஆறு மடங்கு தூரம் நடக்க வேண்டியதாயிற்று. புகார்கள் ஏறக்குறைய நின்றேபோயின.

கை கால் வேலை செய்யும் நேரம் ஓடிவிடும். வெறுமனே நிற்கும் நேரம் நகராது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பணியாற்றிய டேவிட் மெய்ஸ்டர் 1985இல் தொகுத்த காத்திருப்பின் விதிகளில் இதுதான் முதலாவது. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லாத காத்திருப்பும் அப்படியே, நியாயமில்லாத காத்திருப்பும் அப்படியே என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கடைசியில் கிடைப்பது எவ்வளவு பெரிதோ, அவ்வளவு நேரம் காத்திருப்போம் என்பதும் அதில் உண்டு. திருப்பதியில் வைகுண்டம் வரிசை வளாகத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பக்தரை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அங்கே கூடங்களில் உட்கார வைத்து, பாலும் உணவும் கொடுத்து, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் அறிவிக்கிறார்கள். மெய்ஸ்டரின் பாதி விதிகள் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கின்றன.

மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேர்மாறு. “டாக்டர் வந்துட்டாரா?” என்று கேட்டால் “இப்ப வந்துடுவார்” என்று பதில் வரும். அந்த ‘இப்ப’ பத்து நிமிடமா, இரண்டு மணி நேரமா என்று தெரியாததால் பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்க முடியாது. “பதினொன்றரைக்குத்தான் வருவார்” என்று சொல்லியிருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

நடுவில் புகுந்தால்

வரிசையில் நியாயம் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை நியூயார்க்கில் நேரடியாகவே சோதித்தார்கள். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய மாணவர்களும் ரயில்வே டிக்கெட் கவுன்ட்டர் போன்ற இடங்களில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே இடையில் புகுந்தார்கள். மில்கிராம் இறந்தபின் 1986இல் முடிவுகள் அச்சேறின. ஒருவர் புகுந்தபோது பாதிக்குச் சற்று அதிகமான வரிசைகளில்தான் எதிர்ப்பு வந்தது. இருவர் சேர்ந்து புகுந்தபோது பத்தில் ஒன்பது வரிசைகள் பொங்கின. புகுந்த இடத்துக்கு நேர் பின்னால் நிற்பவர் வாயைத் திறக்கவில்லை என்றால் மற்றவர்களும் பெரும்பாலும் சும்மா இருந்துவிட்டார்கள். தட்டிக் கேட்கும் பொறுப்பு அவருடையது என்று மற்றவர்கள் விட்டுவிட்டதைப் போல இருந்தது.

கேட்டு நுழைந்தால் கதையே வேறு. எலன் லாங்கரும் சக ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் “ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். “அவசரம்” என்று காரணம் சேர்த்தபோது 94 சதவீதம். “நான் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், அதனால்” என்ற ஒப்புக்குச் சப்பாணிக் காரணத்துக்கும் 93 சதவீதம்! ஆனால் 20 பக்கம் என்றதும் ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். வெற்றுக் காரணத்துக்கு 24 சதவீதம்தான் இணங்கினார்கள். உண்மையான அவசரத்துக்கு 42 சதவீதம். நம் ஊரில் “அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஒரே ஒரு காப்பிதான்” என்று கேட்பவருக்கு, காரணத்தையும் அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது.

பக்கத்து வரிசை ஏன் வேகம்?

நாம் நிற்கும் வரிசை மட்டும் நகராது என்பதும் முழுக்கப் பிரமை இல்லை. ஒரே மாதிரி மூன்று கவுன்ட்டர்கள் இருந்து நீங்கள் நடுவில் நின்றால், மூன்றில் உங்களுடையது வேகமானதாக அமைய வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். மூன்று தடவையில் இரண்டு தடவை பக்கத்து வரிசை எதுவோ முந்தத்தான் செய்யும். இத்துடன் பிரமையும் சேர்ந்துகொள்கிறது. நெரிசலான சாலையை டொரன்டோ மருத்துவர் டொனால்ட் ரெடல்மெயரும் புள்ளியியலாளர் ராபர்ட் டிப்ஷிரானியும் ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். நாம் பல வண்டிகளை முந்துவது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதே எண்ணிக்கையிலான வண்டிகள் நம்மை முந்த நெடுநேரம் ஆகிறது. நாம் முந்தியவை முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. நம்மை முந்தியவை கண்ணெதிரே போய்க்கொண்டே இருக்கின்றன.

இந்த வயிற்றெரிச்சலுக்கு எளிய மருந்து ஒற்றை வரிசை. எத்தனை கவுன்ட்டர் இருந்தாலும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, காலியாகும் கவுன்ட்டருக்குப் போவது. டோக்கன் முறையும் அதுதான். பின்னால் வந்தவர் முன்னால் போக வழியே இல்லை என்று தெரிந்துவிட்டால் பாதி சண்டைக்கு வேலையில்லை.

காத்திருப்பின் நீளம் மனசைப் பொறுத்தது என்பதிலிருந்து அலுவலகங்கள் தப்பான பாடமும் படிக்கலாம். சுவரில் டிவி மாட்டிவிட்டுக் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இருக்கலாம். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வந்த சர்க்கரை நோயாளிக்கு ஒரு மணி நேரம் என்பது ஒரு மணி நேரம்தான். அதை எந்தச் சீரியலும் குறைக்காது. ஆட்களைப் போட்டு நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. “சர்வர் வேலை செய்யலை, முக்கால் மணி நேரம் ஆகும், டோக்கன் வரிசை மாறாது” என்று கவுன்ட்டரில் இருப்பவர் எழுந்து நின்று ஒரு முறை சொல்லட்டும். பாதிப் பேர் வெளியே போய் வேறு வேலை பார்த்துவிட்டு வருவார்கள், மீதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எரிச்சல் இருக்கும், ஆனால் அது சர்வர் மேல்தான் இருக்கும்.