உளி எதுவரை இறங்கலாம்?

உளி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டால் மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு நிச்சயம். பினாங்கின் செபராங் பிறைத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்று, பிறகு அவரவர் நிரைக்குப் போனவர்கள், மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டு என்ற கட்டளையைக் கேட்டுக் கேட்டே தொழில் பழகினார்கள். வெட்டுவதே காயம்தானே என்று பேரப்பிள்ளைகள் கேட்கலாம். தோட்டத்துப் பேச்சில் வெட்டு வேறு, காயம் வேறு.

ரப்பர் மரத்தின் பால் கட்டைக்குள் ஓடுவதில்லை. பட்டையின் உட்பகுதியில் வளையம் வளையமாக அமைந்த நுண்குழாய்களில் இருக்கிறது. அந்தப் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வெறுங்கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத ஒரு படலம் உண்டு. தாவரவியலில் அதற்குக் கேம்பியம் என்று பெயர். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் ஓயாமல் செய்துகொண்டிருப்பது அதுதான். உளி அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டால் பாலும் நிறைய வடியும், சீவிய இடத்தில் புதுப்பட்டையும் பிடிக்கும். ஏழெட்டு ஆண்டு கழித்து அந்தப் பட்டையையே மறுபடி வெட்டலாம். படலத்தைக் கீறிவிட்டால் அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாக எதுவோ வளரும். உளி அதில் ஓடாது. தோட்டத்தார் காயம் என்றது இதைத்தான்.

அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, அதே வெட்டின் ஓரத்தை நாள்தோறும் மெல்லிசாகச் சீவினால் போதும் என்று காட்டினார். மலாயாவின் ரப்பர் செல்வம் முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டர் பொறுமையின் மேல் எழுந்தது என்பேன். பொறுமை யாருடையது, செல்வம் யாருக்குப் போனது என்பது இன்னொரு கட்டுரை.

சீவிய பட்டை மறுபடி பிடிப்பதைப் போல இழந்த பகுதி திரும்ப வளர்வதற்குத் தமிழ்நாட்டு உயிரியல் பாடநூல்களில் 'இழப்பு மீட்டல்' என்று பெயர். பொறியாளர்கள் மீளாக்கம் என்பார்கள். நகரத் திட்டக்காரர்கள் புத்துயிரூட்டல் என்பார்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ரீஜெனரேஷன் என்ற ஒரே சொல். எனக்குத் தமிழின் இந்தப் பல சொற்களே பிடிக்கும். துறைக்குத் துறை திரும்பி வருவது ஒரே பொருள் அல்லவே.

பல்லியைப் பாருங்கள். அறுந்த வால் சில வாரங்களில் முளைத்துவிடுகிறது. ஆனால் பழைய வாலில் கண்ணி கண்ணியாக இருந்த எலும்பு புது வாலில் இல்லை. குருத்தெலும்புக் குழல் ஒன்றுதான் நீளமாக ஓடுகிறது. செதிலின் வரிசையும் நிறமும்கூட மாறிப்போகும். வடிவம் திரும்பியது, உள்ளே இருந்தது திரும்பவில்லை. நம் கல்லீரல் இதற்கு நேர் எதிர். உறவினருக்காக ஒருவர் ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்தாலும், மீதமுள்ள பகுதி பருத்துச் சில மாதங்களில் பழைய எடையை ஏறக்குறைய எட்டிவிடும். வெட்டிய மடல் மட்டும் அதே வடிவில் முளைப்பதில்லை. வேலை திரும்பியது, வடிவம் திரும்பவில்லை.

பினாங்குக்கு ரீஜெனரேஷன் என்ற அந்தச் சொல்லோடு இன்னோர் உறவும் உண்டு. 1870-இன் இறுதியில் சென்னையிலிருந்து வங்கக் கடலடியில் தந்திக் கம்பி போட்டுப் பினாங்கில் கரையேற்றினார்கள். இங்கிருந்து அது சிங்கப்பூருக்கு நீண்டது. கடலடியில் அத்தனை தூரம் வந்த மின்குறிப்பு தேய்ந்து, ஒன்றோடொன்று இழுகி, மங்கலாகத்தான் வந்து சேரும். அதை அப்படியே பெருக்கினால் குறிப்போடு இரைச்சலும் பெருகும். ஆகவே நிலையத்தில் ஓர் ஊழியர் உட்கார்ந்து, வந்த எழுத்து எது என்று படித்து, அடுத்த கம்பியில் புதிதாக அடித்து அனுப்புவார். மீளாக்கம் என்றால் பொறியியலில் இதுதான்: படித்துத் திரும்ப எழுதுவது. இன்று சென்னையையும் பினாங்கையும் ஒளியிழைக் கேபிள் இணைக்கிறது. வழி நெடுகக் கடலடிப் பெட்டிகள் ஒளியைப் பெருக்கித்தான் அனுப்புகின்றன. படித்து எழுதும் வேலை கரைக்கு வந்த பிறகு நடக்கிறது.

உங்கள் கைப்பேசிக்குள்ளும் இது ஓயாமல் நடக்கிறது. 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாஸுக்கு வந்ததிலிருந்து சிப் என்பது பினாங்குக்காரர்களுக்கு வீட்டுச் சொல். அதில் ஒரு வகை நினைவகச் சிப், ஒவ்வொரு துணுக்குத் தகவலையும் இம்மியளவு மின்னேற்றமாக வைத்திருக்கும். அது ஒழுகும் பாத்திரம். ஆகவே சில பத்து மில்லிநொடிகளுக்கு ஒருமுறை எல்லாக் கட்டங்களையும் படித்து, நிரப்பி, திரும்ப எழுதியாக வேண்டும். இன்னும் படிக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பதுதான் சூட்சுமம். முற்றிலும் வடிந்த பிறகு வந்தால் எழுத ஒன்றுமிருக்காது.

ஜார்ஜ் டவுனில் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலைக் கடக்கும்போது இந்த மில்லிநொடிக் கணக்கு நினைவுக்கு வரும். கோயிலுக்கு 12 ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு என்பது மரபு. சுதையும் வண்ணமும் உதிர்வதற்கு அந்த இடைவெளி போதும். ஒருமுறை வேலை பார்த்த சிற்பிக்கு அடுத்த முறையும் கை நடுங்காமல் இருக்கும். அவரோடு வரும் இளைஞனுக்கு அதற்கடுத்த முறையும் நினைவிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, கைத்தொழிலையும் சேர்த்தே புதுப்பித்திருக்கிறார்.

கோயிலைச் சுற்றியுள்ள கடைவீடுகளுக்கு வருவோம். பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் பொருள். மயிரிழை போல விரிசல் விட்டால், உள்ளே இறங்கும் நீர் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிகமாகி விரிசலை அடைக்கும். சுவர் ஈரத்தை வெளியே விடவும் செய்யும். அதன்மேல் சிமெண்டைப் பூசுபவர் நல்லெண்ணத்தில்தான் பூசுகிறார். ஆனால் ஈரம் உள்ளே சிக்கி, உப்பு பூத்து, செங்கல் பொடிப் பொடியாக உதிரத் தொடங்கும். இதுவும் உளி ஆழமாக இறங்கிய கதைதான்.

சுவர் போகட்டும், ஆட்கள்? 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. வாடகை குறைவு, வீட்டுக்காரர் பழுது பார்க்க மாட்டார். கூரை ஒழுகியது, ஆனால் மாடியில் குடும்பம் இருந்தது. 2000-இல் அந்தச் சட்டம் விலகியது. வாடகை ஏறியது, குடித்தனக்காரர்கள் மூட்டை கட்டினார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில வீடுகளில் பறவைகள் குடியேறின. கூட்டுக்காக உழவாரன் வளர்ப்பது நல்ல வியாபாரமாயிற்று. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பிறகு வண்ணம் வந்தது, விடுதிகள் வந்தன, 2012-இலிருந்து சுவரோவியங்கள் வந்தன, அவற்றோடு படம் எடுக்க வரிசையும் வந்தது.

இதைப் புத்துயிர் என்று எழுதும் பிரசுரங்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. இடிந்து விழவிருந்த முகப்புகள் நிற்கின்றன, அது சின்ன விஷயமல்ல. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும் மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் கேம்பியம் எது என்று கேட்டால், முகப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கீழே பூ கட்டி, மேலே குடியிருந்து, கடை முன்னுள்ள ஐந்தடி நடையில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள்தான் கடைவீட்டை நாள்தோறும் செய்துகொண்டிருந்த படலம். அவர்கள் போன தெருக்களில் முளைத்திருப்பது பல்லியின் புது வால்: பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே கண்ணி இல்லை. கோயிலைச் சுற்றிய லிட்டில் இந்தியாவில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. படிக்க முடிகிற நிலையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் போங்கள். கடைகள் சாத்திய பிறகு, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, மாடி சன்னல்களில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.