பிளாக்செயின் தரவுக்கு டாக்கர் எதற்கு?
சந்தேகங்களும் விளக்கங்களும்

பிளாக்செயின் தரவு எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது? அதைப் படிக்க டாக்கர் எதற்கு?

திறந்துதான் கிடக்கிறது, ஆனால் கேட்டதும் எடுத்துத் தரும்படி அடுக்கி வைக்கப்படவில்லை. எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு முகவரிக்குப் போன மாதம் எவ்வளவு யுஎஸ்டிசி டோக்கன் வந்தது என்று பார்க்க, அந்த 'டிரான்ஸ்ஃபர்' பதிவுகளைத் தேடியெடுத்து ஒரு டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும். இதைச் செய்கிற மென்பொருள்தான் இண்டெக்சர்.

'தி கிராஃப்' இண்டெக்சரையே எடுத்துக்கொள்வோம். அதை நம் கணினியில் ஓட்ட கிராஃப் நோட், போஸ்ட்கிரெஸ், ஐபிஎஃப்எஸ் மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. டேட்டாபேஸின் லொகேல் 'சி' என்று இல்லாவிட்டால் கிராஃப் நோட் கிளம்பவே கிளம்பாது. புதிதாகச் சேருகிறவர் இந்த ஒரு வரியைத் தேடி ஒரு நாளைத் தொலைப்பது வீண். டாக்கரோ ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய அமைப்புகளோடு 'கன்டெய்னர்' என்ற தனி உறைக்குள் ஓட்டுகிறது. அந்த அமைப்புகளை டாக்கர் கம்போஸ் கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர் ஒரே கட்டளையில் மூன்றையும் கிளப்பிவிடலாம். வி.எஸ்.கோடின் டெவ் கன்டெய்னர் இன்னும் ஒரு படி மேலே: எடிட்டர் நீட்சிகள், நோட் ஜேஎஸ் பதிப்பு எல்லாமே புராஜெக்டோடு சேர்ந்தே வந்துவிடும்.

என் லேப்டாப் சாதாரணமானது. முழு எத்தீரியத்தையும் இறக்க வேண்டுமா?

வேண்டாம். பிளாக்செயின் தரவை இணையம் வழியே கேட்டு வாங்க உதவும் ஆர்பிசி சேவை ஒன்றின் முகவரியைக் கொடுத்தால் போதும். 'ஸ்டார்ட் பிளாக்' இடத்தில், நீங்கள் கவனிக்கிற கான்ட்ராக்ட் பதிவான பிளாக்கின் எண்ணை மறக்காமல் போடுங்கள். விட்டுவிட்டால் 2015-இன் முதல் பிளாக்கிலிருந்து தேடத் தொடங்கும். ஆர்பிசியின் இலவச வரம்பும் அதிலேயே கரையும்.

கணினியில் டெஸ்ட் செயின் ஓடுகிறது. கன்டெய்னருக்குள்ளிருந்து தொடர்பு கிடைக்கவில்லையே?

அநேகமாக 'லோக்கல்ஹோஸ்ட்:8545' என்று கொடுத்திருப்பீர்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். உங்கள் கணினி அல்ல. 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்று மாற்றுங்கள். லினக்ஸில் இந்தப் பெயரைக் கம்போஸ் கோப்பில் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வாலட்டின் பிரைவேட் கீயை எங்கே வைப்பது?

தரவைப் படிப்பதற்குப் பிரைவேட் கீ தேவையே இல்லை. படிக்க மட்டும் செய்கிற புராஜெக்ட் ஒன்று அதைக் கேட்டால், கொடுக்காதீர்கள். ஆர்பிசி சேவையின் ஏபிஐ கீயைக்கூட டாக்கர்ஃபைலில் எழுதக் கூடாது. அதிலிருந்து உருவாகும் இமேஜ் அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுகிறது. ஓர் அடுக்கில் போட்ட கோப்பை அடுத்த அடுக்கில் அழித்தாலும், பழைய அடுக்கில் அப்படியே இருக்கும். இமேஜைப் பொதுவில் ஏற்றிய நிமிடமே யாரும் அதைப் பிரித்து எடுக்கலாம். ஏபிஐ கீயை டாட் என்வ் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை கிட் இக்னோரிலும் டாக்கர் இக்னோரிலும் சேருங்கள். டெவ் கன்டெய்னரும் முழுப் பாதுகாப்பு அல்ல. உங்கள் புராஜெக்ட் கோப்புறை அதற்குள் இணைக்கப்பட்டிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரின் புராஜெக்டைத் திறக்குமுன் அதன் கட்டளைகளைப் படித்துப் பாருங்கள்.

எல்லோரும் ஒரே கன்டெய்னரில் வேலை செய்தால் கணக்கும் ஒன்றாகத்தானே வரும்?

இமேஜின் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' என்று இருந்தால் கன்டெய்னரே ஒன்றாக இருக்காது. இன்று இழுத்தவருக்கு ஒரு பதிப்பு, மூன்று மாதம் கழித்து இழுப்பவருக்கு வேறு பதிப்பு. பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்படியே ஒன்றாக வந்தாலும் அது சரியான கணக்கு என்று ஆகிவிடாது. ஈதருக்கு 18 தசம இடம், யுஎஸ்டிசிக்கு 6. ஒரு யுஎஸ்டிசி 10,00,000 என்று பதிவாகும். அதைப் 18 இடத்துக்கு வகுத்துவிட்டால், அந்தத் தவறான தொகையே எல்லோர் திரையிலும் ஒன்றுபோல வரும். ஏதாவது ஒரு பரிமாற்றத்தை ஈதர்ஸ்கேனில் திறந்து, உங்கள் டேட்டாபேஸில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேலே போங்கள்.