அயல்நிலச் சாலைகள் – 11: பாராடாங் வழியில் சைக்கிள்

சைக்கிள் எஞ்சினால் இயங்காத வண்டி என்பதால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கேட்கும் ஓட்டுநர் உரிமமும் பதிவெண்ணும் காப்பீடும் அதற்குத் தேவைப்படுவதில்லை. இந்தியாவில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் காட்ட வேண்டியிருக்க, சைக்கிளில் வருபவர் எதையும் காட்டாமல் சாலையில் இறங்கிவிடுகிறார். சாலையில் இருப்போரில் வலுக்குறைந்தவர் தாமே என்றும், விதிகள் யாவும் தம்மைக் காப்பதற்கே என்றும் அவர் எண்ணிக்கொள்வதும் இயல்பே. அந்தமானில் பாராடாங் தீவுக்குச் செல்லும் வழியில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே செல்லும் அந்தமான் டிரங்க் ரோடு, ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் நுழைந்து, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கடந்து மிடில் ஸ்ட்ரெயிட் துறையை அடைகிறது. அங்கிருந்து நீரிணையைப் படகில் கடந்தால் பாராடாங். இந்தக் காட்டுப் பகுதியில் எவரும் தம் விருப்பப்படி வண்டி ஓட்ட முடியாது. பகலில் குறித்த நேரங்களில் மட்டும், கான்வாய் எனப்படும் காவல் துணையுள்ள வாகன வரிசையில் செல்ல வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது.

இவ்வாறு இடைநில்லாமல் ஓடும் வரிசையில் சைக்கிளுக்கு இடமில்லை. வேகத்தில் பின்தங்குவது மட்டும் இதற்குக் காரணமன்று. மெதுவாகச் செல்வதும், கண்ணாடித் தடுப்பின்றித் திறந்தவெளியில் இருப்பதும், நினைத்த இடத்தில் நிற்பதும் மற்ற நாடுகளில் சைக்கிள் பயணத்தின் சிறப்புகளாகப் பேசப்படுபவை. இங்கு அவையே ஆபத்து. வெளியாரை நெடுங்காலம் அம்புகளால் விலக்கி வைத்திருந்த ஜாரவா மக்கள் 1990-களின் இறுதியில்தான் காட்டைவிட்டு வெளிவரத் தொடங்கினர். 1999-இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. சில நூறு பேரே உள்ள, வெளியுலகின் தொற்றுகளுக்கு எதிர்ப்பாற்றல் பெறாத சமூகத்துக்கு, சளி பிடித்த ஒரு பயணி சாலையோரம் பத்து நிமிடம் இளைப்பாறுவதும் சிறிய செய்தியன்று. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ், அனுமதியின்றி அப்பகுதிக்குள் நுழைவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

இந்தச் சாலையே அங்கு இருக்கலாமா என்பது வேறு கேள்வி. காப்புப் பகுதி வழியாகச் செல்லும் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்திலேயே ஆணையிட்டும், வடபகுதித் தீவுகளில் குடியேறியோரின் போக்குவரத்துத் தேவையைக் காரணம் காட்டி அது திறந்தே இருக்கிறது. தேவை உண்மைதான், ஆனால் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்க விரையும் சுற்றுலா வண்டிகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பாராடாங் சேர்ந்தபின் கவனிக்க வேண்டியவை வழக்கமானவையே. வலப்பக்கம் ஓட்டிப் பழகிய நாட்டவர், நெரிசலில் முன்வண்டியைப் பின்பற்றி இடப்பக்கமே சென்றுவிடுவர். ஆளில்லாத சாலையில் சற்று நின்று மீண்டும் ஏறும்போதுதான் பழைய பழக்கம் அவர்களை வலப்பக்கம் இழுக்கும். படகு வந்து சேர்ந்ததும் வண்டிகள் கூட்டமாகக் கிளம்புவதால், அவை போகும்வரை ஒதுங்கி நிற்பது நல்லது. இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகையை ஒட்டிக் கணிக்கப்படுவது. பாராடாங் அதற்குச் சுமார் 10 பாகை கிழக்கே இருப்பதால் பொழுது ஏறத்தாழ 40 நிமிடம் முந்துகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே இருட்டத் தொடங்கும். எனவே முன்விளக்கும் பின்புறச் சிவப்பு விளக்கும் இல்லாமல் பிற்பகலில் கிளம்பக் கூடாது.

சைக்கிளைப் பேருந்தில் ஏற்றிக் காட்டைக் கடப்பதற்கு விதி இடம் தரலாம். ஆயினும் போர்ட் பிளேரிலிருந்து பாராடாங்குக்கு 2017-இல் கடல்வழியும் தொடங்கப்பட்டிருப்பதால், படகு ஓடும் நாளையும் சைக்கிளை ஏற்றுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்து, பயணிகள் அவ்வழியே செல்வதே முறை.